புவியமைப்பியலில் இடம் கிடைக்குமா? வாய்ப்பைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடிவுகள் வெளியான மறுநாள் தொடங்கிக் கல்லூரிகள் திறக்கும் நாள்வரை, நான் புவியமைப்பியல் படித்தவன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “இந்த மார்க்குக்கு ஜியாலஜி கிடைக்குமா, சார்?” இதற்கு உடனே ஆம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்பவரை நம்பவேண்டாம். எந்தப் பட்டம், எந்தச் சேர்க்கை வழி, எந்த ஒதுக்கீடு, எத்தனையாவது சுற்று என்று எதையும் கேட்காமல் மதிப்பெண்ணை மட்டும் வைத்து வாய்ப்பைச் சொல்வது, போகுமிடத்தைக் கேட்காமல் பஸ் நம்பர் சொல்வதைப் போன்றது.

முதல் தவறு படிப்பின் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. நம் பள்ளிப் பாடநூல்களில் புவியியல் என்றால் ஜியாகிரபி. செய்தித்தாள்களோ 1851இல் தொடங்கப்பட்ட ஜியலாஜிகல் சர்வே நிறுவனத்தை ‘இந்தியப் புவியியல் ஆய்வு மையம்’ என்றே எழுதுகின்றன. இதனால் பாறைகளையும் தாதுக்களையும் படிக்க விரும்பும் மாணவர், விண்ணப்பத்தில் புவியியலைத் தேர்ந்தெடுத்துவிட்டு வகுப்பில் மக்கள்தொகைப் பரவலைப் படித்துக்கொண்டிருப்பதும் நடக்கிறது. சென்னையை மட்டும் எடுத்துக்கொண்டாலும் மாநிலக் கல்லூரியின் பி.எஸ்சி. ஜியாலஜிக்குச் செல்லும் வழி வேறு, கிண்டி பொறியியல் கல்லூரியின் பி.இ. ஜியோஇன்ஃபர்மேடிக்ஸுக்குச் செல்லும் வழி வேறு. முன்னதற்கு அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பமும் கல்லூரிக் கலந்தாய்வும். பின்னதற்குப் பொறியியல் கலந்தாய்வு. பின்னது செயற்கைக்கோள் படங்களையும் நில அளவையையும் கணினி வரைபடங்களையும் சார்ந்த படிப்பு என்பதால், சுத்தியலுடன் மலையேற நினைப்பவர் அதைப் புவியமைப்பியலின் இன்னொரு பெயராக எண்ணிச் சேரக்கூடாது.

வழி வேறானால் மதிப்பெண்ணைக் கூட்டும் கணக்கும் வேறாகும். ஒரு மாணவர் தமிழில் 94, ஆங்கிலத்தில் 88, கணிதத்தில் 82, இயற்பியலில் 76, வேதியியலில் 80, கணினி அறிவியலில் 90 பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உறவினர்களிடம் அவர் சொல்லும் கணக்கு 600க்கு 510, அதாவது 85 விழுக்காடு. கலைக் கல்லூரியின் அறிவியல் பாடத் தரவரிசையில் மொழிப்பாடங்கள் விலகி, நான்கு பாடங்களின் கூட்டுத்தொகையான 400க்கு 328 மட்டுமே நிற்கும். அது 82 விழுக்காடு. பொறியியல் கலந்தாய்வில் கணிதம் முழுதாகவும் இயற்பியலும் வேதியியலும் பாதியாகவும் சேர்வதால் 82, 38, 40 கூடி 200க்கு 160 வரும். அது 80 விழுக்காடு. ஒரே மாணவர், மூன்று எண்கள். போன ஆண்டு ஒருவர் 85 விழுக்காட்டில் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டால், அது இந்த மூன்றில் எந்த எண் என்று கேட்காமல் நம்பிக்கை கொள்வதும் தவறு, நம்பிக்கை இழப்பதும் தவறு.

அடுத்தது போன ஆண்டு கட்-ஆஃப். இதில் நின்று பேசவேண்டியிருக்கிறது, ஏனெனில் பெரும்பாலான தவறான கணிப்புகள் இங்கிருந்துதான் வருகின்றன. பல்லாயிரம் இடங்கள் உள்ள கணினிப் பொறியியலுக்குப் போன ஆண்டின் கட்-ஆஃப் ஓரளவு நம்பத்தக்க வழிகாட்டி. புவியமைப்பியல் வகுப்புகளோ சிறியவை. ஒரு வகுப்பில் 30 இடங்கள் என்று கொண்டால், தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டின்படி பொதுப்போட்டிக்கு ஒன்பது, பிற்படுத்தப்பட்டோருக்கு எட்டு, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு ஆறு, பட்டியல் சாதியினருக்கு நான்கைந்து என்ற அளவில் இடங்கள் பிரியும்; பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கான 3.5 விழுக்காடும் அருந்ததியருக்கான 3 விழுக்காடும் ஏறத்தாழ ஒவ்வோர் இடம். பழங்குடியினருக்கான 1 விழுக்காட்டைக் கணக்கிட்டால் ஓர் இடம்கூட முழுதாக வராது. இப்படி ஒற்றை இடம் உள்ள பிரிவில் கட்-ஆஃப் என்று அச்சாகும் எண் ஒரே ஒரு மாணவரின் மதிப்பெண்; அவர் அந்த ஆண்டு விண்ணப்பிக்காமல் இருந்திருந்தால் அது முப்பது மதிப்பெண் இறங்கியிருக்கலாம், அவரைவிட அதிகம் எடுத்த ஒருவர் வந்திருந்தால் ஏறியிருக்கலாம். அந்த எண்ணைச் சட்டம்போல எடுத்துக்கொண்டு, தனக்கு நான்கு மதிப்பெண் குறைகிறது என்று விண்ணப்பிக்காமலே விடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது.

இதோடு சேர்ந்த இன்னொரு பிழை, பொதுப்போட்டிப் பட்டியலை ‘ஓ.சி.காரர்களுக்கானது’ என்று நினைப்பது. அது எல்லாருக்கும் பொதுவான பட்டியல். பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர் ஒருவர் பொதுப்பட்டியலிலேயே இடம் பெறும் அளவுக்கு மதிப்பெண் எடுத்திருந்தால் அவர் அங்குதான் கணக்கில் வருவார். அவர் வகுப்புக்கான இடம் அடுத்தவருக்கு அப்படியே இருக்கும். ஆகவே, தன் பிரிவின் கட்-ஆஃபை மட்டும் பார்த்துக் கணிப்பவர் தனக்குத் திறந்திருக்கும் இரண்டு கதவுகளில் ஒன்றைப் பார்க்கத் தவறுகிறார்.

எந்தச் சுற்றின் கட்-ஆஃப் என்பதையும் கேட்கவேண்டும். அறிவியல் பட்டப்படிப்பில் முதலில் சேரும் மாணவர்களில் ஒரு பகுதியினர் பொறியியல் கலந்தாய்வோ வேறு சேர்க்கையோ முடிந்ததும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். புவியமைப்பியலைப் பலர் இரண்டாவது, மூன்றாவது விருப்பமாகக் குறிப்பதால் இந்த நகர்வு இங்கு கூடுதலாகவே இருக்கும். முதல் சுற்றில் பெயர் வரவில்லை என்பதற்காக வேறு எங்கோ கட்டணம் கட்டி முடித்துவிட்டு, கடைசிச் சுற்றில் தன்னைவிடக் குறைந்த மதிப்பெண்காரர் சேர்ந்ததை அறிந்து நொந்துகொள்வது ஆண்டுதோறும் நடக்கிற கதை.

இதற்கு நேர் எதிரான அலட்சியமும் உண்டு. ‘யாரும் சேராத படிப்பு, எப்போது போனாலும் கிடைக்கும்’ என்பது பட்ட வகுப்பில் சில ஊர்களில் சில ஆண்டுகள் உண்மையாக இருக்கலாம். முதுநிலைக்கு அது பொருந்தாது. சென்னையில் ஐ.ஐ.டி. இருப்பதால் அங்கேயே எம்.எஸ்சி. ஜியாலஜி படித்துவிடலாம் என்று திட்டமிட்டிருந்த ஒரு மாணவியிடம், அப்படியொரு படிப்பு அடையாற்றங்கரையில் இல்லை, அதற்கு மும்பைக்கோ கரக்பூருக்கோ ரூர்க்கிக்கோ தன்பாதுக்கோ போகவேண்டும் என்று சொன்னபோது அவர் முகம் வாடியது. அந்த நிறுவனங்களுக்கு நாடு முழுவதிலுமிருந்து போட்டி இருக்கிறது, இடங்களோ குறைவு.

அந்த வழிக்கான நுழைவுத் தேர்வு ஜாம். இதில் தகுதி மதிப்பெண்ணைக் கடப்பதையே இடம் கிடைத்ததாக எண்ணி இனிப்பு வழங்கிவிடுகிறார்கள். தகுதி மதிப்பெண் என்பது தரவரிசைப் பட்டியலில் பெயர் வருவதற்கான எல்லை. இடம் கிடைப்பது அந்தந்த நிறுவனம், அந்தந்தப் பிரிவு, அந்தந்தச் சுற்றில் எந்தத் தரவரிசையோடு நிறைவடைகிறது என்பதைப் பொறுத்தது. கேட் தேர்வோடு இதைக் குழப்பிக்கொள்பவர்களும் பலர். இரண்டிலும் நம் பாடத்தாளின் குறியீடு ஜிஜி என்றே இருப்பதால் குழப்பம் இயல்புதான். ஆனால் ஜாம் எம்.எஸ்சி. சேர்க்கைக்கானது, அதன் மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும் செல்லும். கேட் பெரும்பாலும் எம்.டெக்., ஆராய்ச்சிப் படிப்பு ஆகியவற்றுக்கானது, அதன் மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும்.

ஜாமில் தன் வாய்ப்பை அறிய, மற்றவர்களிடம் கேட்பதைவிட நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண்கள். ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் தவறு செய்தால் மூன்றில் ஒரு பங்கு கழியும். பல விடைகள் சரியாக இருக்கக்கூடிய வினாக்களிலும் எண்ணை விடையாகத் தரவேண்டிய வினாக்களிலும் கழிவு கிடையாது. கைப்பேசியை அணைத்துவிட்டு ஒரு தாளை இந்த விதிகளின்படி எழுதித் திருத்திப் பார்த்தால், கல்லூரியில் பெற்ற 78 விழுக்காடு சொல்லாத பல செய்திகளை அது சொல்லும். செமஸ்டர் தேர்வில் ‘மடிப்புகளின் வகைகளை விளக்குக’ என்பதற்கு நான்கு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர், ஒரு பாறை அடுக்கின் சாய்வுக் கோணமும் மேற்பரப்பில் அதன் அகலமும் தந்து உண்மையான தடிமனைக் கேட்டால் திணறுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

தகுதியைப் படிக்காமல் வாய்ப்பைக் கணிப்பதும் வீண் வேலை. முதுநிலைப் படிப்புகள் பலவற்றுக்குப் பட்ட வகுப்பில் ஜியாலஜியைக் குறிப்பிட்ட காலம் பாடமாகப் படித்திருக்கவேண்டும். அதோடு வேறு எந்தெந்த அறிவியல் பாடங்களைப் படித்திருக்கவேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். ஜியோபிசிக்ஸ் என்றால் இயற்பியலும் கணிதமும் இல்லாமல் பெரும்பாலும் வழியில்லை. எனவே முதலாம் ஆண்டில் எளிது என்று தேர்ந்தெடுத்த துணைப்பாடம் மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு கதவைச் சத்தமின்றி மூடிவிடக்கூடும். காலக்கெடுவும் அப்படித்தான். ஜாம் தேர்வு பிப்ரவரியில் என்றாலும் விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலேயே முடிந்துவிடும். பொங்கல் விடுமுறை கழித்து விசாரிக்கத் தொடங்குபவரின் வாய்ப்பு அந்த ஆண்டுக்குச் சுழியம், அவர் எவ்வளவு நன்றாகப் படித்திருந்தாலும்.

சான்றிதழ் விஷயத்தில் தமிழ்நாட்டு மாணவர்கள் தனியாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மாநில அரசின் பி.சி. அல்லது எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டுக்குப் போதாது. மத்தியப் பட்டியலில் அந்தச் சாதி இருக்கவேண்டும். கிரீமிலேயர் (பிற்படுத்தப்பட்டோரில் வருமானத்தாலும் பதவியாலும் முன்னேறிய பிரிவு) அல்லாதவர் என்று தனிப் படிவத்தில் சான்று வேண்டும். அது அறிவிப்பில் சொல்லப்பட்ட தேதிக்குப் பின் பெறப்பட்டதாகவும் இருக்கவேண்டும். மாநில ஒதுக்கீட்டில் கிரீமிலேயர் என்ற பேச்சே இல்லாததால் நம் வீடுகளில் இது பற்றி யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் தன் தரவரிசைக்கு ஓ.பி.சி. பிரிவில் இடம் உறுதி என்று சரியாகவே கணித்திருந்தார். பதிவேற்றியது மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சான்றிதழ் என்பதால் பொதுப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். அங்கே அந்தத் தரவரிசைக்கு இடமில்லை. இ-சேவை மையத்தில் புதிய சான்றிதழுக்கு விண்ணப்பிக்க அவருக்கு ஒரு முற்பகல் போதுமாயிருந்திருக்கும்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை, மதிப்பெண்ணை மாற்றிச் சொல்வதில் முதல் பிழை நேர்கிறது. 70 விழுக்காட்டை 25ஆல் வகுத்து 2.8 என்று நான்கு புள்ளிக்கான அமெரிக்க அளவில் தானே எழுதிக்கொண்டு, 3.0 கேட்கும் இடங்களுக்கு விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். நம் பல்கலைக்கழகங்களில் 70 என்பதன் பொருள் அங்கே 70 என்பதன் பொருள் அன்று. பல பல்கலைக்கழகங்கள் இந்திய மதிப்பெண்ணை மாற்றாமல் அப்படியே கேட்பதும் அதனால்தான். ஜெர்மனியில் பயன்படும் பவேரிய வாய்பாட்டில் தேர்ச்சி மதிப்பெண்ணும் கணக்கில் சேரும். பத்துக்கு 7.5 வாங்கியவருக்குத் தேர்ச்சி எல்லை 5 என்றால் 2.5 வரும், 4 என்றால் 2.25 வரும், அங்கே எண் குறையக் குறையத் தரம் உயரும் என்பதையும் மறக்கக்கூடாது. இந்திய மாணவர்களுக்கு, கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றும் அங்கே தேவைப்படுகிறது, அதற்கு ஆகும் காலத்தைத் திட்டத்தில் சேர்க்கவேண்டும்.

அதைவிடப் பெரிய பிழை, பல்கலைக்கழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதத்தைத் தன் வாய்ப்பாக எடுத்துக்கொள்வது. நூறு பேரில் ஐந்து பேருக்கே இடம் என்று பரவலாகப் பேசப்படும் எண்கள் பெரும்பாலும் பட்ட வகுப்புக்கானவை. அமெரிக்காவில் புவியறிவியல் முனைவர் படிப்பில் சேர்க்கையைத் துறைதான் முடிவு செய்கிறது. அந்தத் துறையிலும் உங்கள் ஆய்வு விருப்பத்தோடு ஒத்துப்போகும் ஒரு பேராசிரியர், அந்த ஆண்டு புதிய மாணவரை எடுக்க நிதியும் எண்ணமும் உள்ளவராக இருக்கிறாரா என்பதே பெரும்பாதி முடிவு. நிலத்தடி நீர் வேதியியலில் ஆர்வமுள்ளவர், அதில் ஒருவர்கூட இல்லாத புகழ்பெற்ற துறைக்கு விண்ணப்பித்தால் தங்கப் பதக்கமும் உதவாது.

டிசம்பர், ஜனவரியில் வரும் கடைசித் தேதிகளுக்குச் சில மாதங்கள் முன்பே அந்தப் பேராசிரியருக்கு எழுதவேண்டும். அப்படி எழுதும்போது ‘சிறுவயது முதலே இயற்கையை நேசிக்கிறேன்’ என்று தொடங்கும் கடிதம் யாரையும் அசைப்பதில்லை. தாம்பரத்திலிருந்து மூன்று ஆண்டுகள் மின்சார ரயிலில் வந்துபோன மாணவர் பல்லாவரம் மலையை நாள்தோறும் கடந்திருப்பார். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல்லை ஆராய்ந்த புவியமைப்பியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893இல் அந்தப் பாறை வகைக்குச் சார்னகைட் என்று பெயரிட்டார். பரங்கிமலையும் பல்லாவரமும் அந்தப் பாறையின் ஊர்கள். அது உருகிய குழம்பு உறைந்து உண்டானதா, இருந்த பாறை ஆழத்தில் உருமாறியதா என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. தன் கையால் எடுத்த ஒரு துண்டை மெல்லிய வெட்டாக்கி நுண்ணோக்கியில் எந்தத் தாதுக்களைக் கண்டார், எது தனக்கு விளங்காமல் நின்றது என்று அந்த மாணவர் பத்து வரியில் எழுதினால் பேராசிரியர் அதைப் படிப்பார். வரும் பதில், ‘இந்த ஆண்டு என் குழுவில் நிதி இல்லை, அடுத்த ஆண்டு எழுதுங்கள்’ என்ற ஒற்றை வரியாகவும் இருக்கலாம். அப்போது அந்த ஆண்டின் விண்ணப்பக் கட்டணத்தை வேறொரு துறைக்கு ஒதுக்கிக்கொண்டு, அந்தப் பெயரை அடுத்த ஆண்டுப் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.