கவுன்சிலரின் ஆண்டறிக்கை: எப்படி எழுதுவது?

இரண்டு பக்கம் போதும். கூட்டம் நடந்த தேதிகள், ஆய்வுக்குப் போன படங்கள் எதுவும் வேண்டாம். தெருவாரியாக எழுதுங்கள்: என்ன வேலை, எத்தனை மீட்டர், மதிப்பீட்டுத் தொகை, பணி ஆணை தேதி, இன்றைய நிலை. "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்ற வரியை யாரும் நம்புவதில்லை. எரியாத தெருவிளக்கு என்றால் கம்பத்தின் எண்ணைப் போடுங்கள். படிப்பவர் போய்ப் பார்த்துக்கொள்வார்.

முடியாத வேலைகளை முதலில் வையுங்கள், காரணத்தோடு. டெண்டருக்கு ஆள் வரவில்லையா, கேபிள் பள்ளம் மூடாததால் சாலை நிற்கிறதா? சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. இரண்டையும் கலந்து எழுதினால் வாரியத்துக்குப் போக வேண்டிய திட்டும் உங்கள் தலையில்தான் விழும். சாலைப் பணியில் பழைய தாரைச் சுரண்டி எடுத்தார்களா என்பதையும் குறிப்பிடுங்கள். எடுக்காமல் மேலேயே போட்டால் வீட்டு வாசல் பள்ளமாகி மழைநீர் உள்ளே வரும்.

அடுத்த ஆண்டுக்கான ஆசைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இடமும் உத்தேசச் செலவும் தேவை. டிசம்பரிலேயே பகுதி சபையில் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டத்தில்) படித்துவிடுங்கள். நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. பட்ஜெட் முடிந்தபின் சொல்லும் ஆசைக்குப் பணம் இருக்காது.