டில்லா (till) பையா (by)? தமிழ் வால புடிச்சா இங்கிலீஷ் மாட்டும்

நான் போட்ட ஒரு மெயிலால ஒரு மனுஷன் சென்னை துறைமுகத்தோட ஜீரோ கேட் பக்கத்துல நாலு மணி நேரம் வெயில்ல காஞ்சாரு. எனக்கு ராயபுரத்துல கிளியரிங் ஆபீஸ்ல வேலை. வண்டி 4 மணிக்குள்ள கேட்டுக்கு வந்துரும்னு பார்ட்டிக்கு சொல்லணும், நான் அடிச்சது "தி டிரக் வில் பி அட் தி கேட் டில் 4". அவங்க புரிஞ்சுகிட்டது வண்டி இப்பவே அங்க நிக்குது, 4 மணிக்கு அப்பால கெளம்பிரும்னு. 12 மணிக்கே ஆள அனுப்பிட்டாங்க, வண்டியோ எண்ணூர் ரோட்டு கியூல ஊர்ந்து 4 அடிக்க பத்து நிமிஷம் இருக்கும்போதுதான் வந்துச்சு. சொன்ன டைமுக்குதானே வந்துச்சுன்னு நான் எகிற, ஓனர் மெயில திருப்பிக் காட்டுனாரு. ஒரே பேஜாரு.

அதுல இருந்து நான் பண்றது இதான். டென்ஸ் எல்லாம் உங்களுக்கு தெரியும்னு வெச்சுக்கறேன்.

ஸ்டெப் 1: மொதல்ல வாக்கியத்த தமிழ்ல, வூட்ல பேசுற மாதிரி சொல்லுங்க. எழுத்துத் தமிழ் வேணாம்.

ஸ்டெப் 2: அதோட வாலப் பாருங்க, அதாவது நேரத்துக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற துண்ட. "4 மணிக்குள்ள"ன்னா பை. "4 மணி வரைக்கும்"னா டில்.

இவ்ளோ ஈஸின்னா நான் ஏன் மாட்டுனேன்? நம்ம ஆபீஸ்ல "4 மணி வரைக்கும் டைம் இருக்கு, அனுப்பிடு"ன்னுதான் பேசுவோம், காதுல அந்த வரைக்கும்தான் ஒட்டிக்குது. ஆனா 4 வரைக்கும் நீளுறது டைம்தான், அனுப்புறது இல்ல, அனுப்புறது ஒரே தட்டு. அதனால "யூ ஹேவ் டைம் டில் 4, சென்ட் இட் பை 4", ரெண்டும் ஒரே வாக்கியத்துல வந்தாலும் ரெண்டும் கரெக்ட்டு. வெயிட் பண்றது, தங்குறது, கடை தொறந்திருக்கறது மாதிரி இழுத்துக்கிட்டே போற வேலைக்கு டில். அனுப்புறது, முடிக்கறது, வந்து சேர்றதுக்கு பை.

(டில்லுக்கு ரெண்டு எல், அன்டில்லுக்கு ஒரே எல். டில்ங்கறது அன்டில்லோட சுருக்கம்னு நெனச்சுட்டிருந்தேன், பாத்தா டில்தான் பழைய வார்த்தையாம்.)

ஸ்டெப் 3: சின்ஸ், ஃபாருக்கும் வாலுதான். ராயபுரம் ஸ்டேஷன் 1856-ல இருந்து இருக்கு, "இருந்து" வந்தா சின்ஸ். நூத்தம்பது வருஷத்துக்கு மேலயா இருக்கு, இந்த "ஆ"வுக்கு ஃபார். "சின்ஸ் டூ இயர்ஸ்"னு பயோடேட்டால எழுதிருந்தா இப்பவே போய் மாத்திடுங்க. பாரோ, லெண்ட் எல்லாம் ஒரு மேட்டரே இல்ல, கடன் வாங்குனா பாரோ, குடுத்தா லெண்ட்.

ஸ்டெப் 4: கேக்கறது. இங்க வாலு ஒதவாது, தலையப் பாக்கணும். "எனக்கு" ஹாரன் சத்தம் கேட்டுச்சுன்னா ஹியர், அது தானா காதுல வுழுது. "நான்" கானா கேட்டேன்னா லிசன், நாமளே காது குடுக்கறோம், பின்னாடி டு மறக்காதீங்க. டிரைவர் அண்ணன்"கிட்ட" கேட்டேன்னா ஆஸ்க். போன்ல "ஹலோ, கேக்குதா?"ன்னா "கேன் யூ ஹியர் மீ", அங்க போய் லிசன் போட்டா எதிராளிக்கு நாம அதட்டுற மாதிரி இருக்கும்.

டிக்‌ஷனரின்னா என் ஓட்டு லாங்மேனுக்கு. சுமார் 2000 சாதாரண வார்த்தைய வெச்சே எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லிடுவாங்க, எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை தர்ற இங்கிலீஷ்-தமிழ் ஆப்ப இதுக்கு தொடவே தொடாதீங்க.

அப்டேட்: "ரெண்டு மணி நேரத்துக்குள்ள"ன்னு வந்தாலும் பையான்னு கமெண்ட்ல ஒரு தங்கச்சி கேட்டுச்சு, செம்ம கேள்வி. இல்லம்மா. கடிகாரத்துல காட்டுற மணியோ காலண்டர் தேதியோ இருந்தா பை, எண்ணிப் பாக்கற நேரமா இருந்தா வித்தின். ரெண்டு மணிக்குள்ள, பை டூ. ரெண்டு மணி நேரத்துக்குள்ள, வித்தின் டூ அவர்ஸ்.

அப்டேட் 2: "அவர் வர்றதுக்குள்ள"வுக்கு "பை ஹி கம்ஸ்"னு ஒருத்தர் போட்டிருந்தாரு. தப்பு தலைவா, வாலு சரிதான், ஆனா பை பின்னாடி முழு வாக்கியம் நேரா ஒக்காராது, நடுவுல தி டைம் சேக்கணும்: "பை தி டைம் ஹி கம்ஸ்". டில்லுக்கு இந்தத் தொல்லை கெடையாது, "டில் ஹி கம்ஸ்"னு அப்படியே போட்டுக்கலாம்.