ஹோலுக்கு ஹோல் நான் பார்க்கும் தவறுகள்: கோல்ஃப் ஆடத் தொடங்கியவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நாகர்கோவிலில் இருந்து மூன்று பையன்களைக் காரில் ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் போனேன். கவடியாரில் உள்ள மைதானத்தில் 9 ஹோல்தான் (முதல் அடி அடிக்கும் இடத்தில் இருந்து குழி வரை உள்ள தடம் ஒரு ஹோல்). 18 ஆட வேண்டுமென்றால் அதையே இரண்டு முறை சுற்ற வேண்டும். பழகுகிறவர்களுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. காலையில் எந்த ஹோலில் தடுமாறினோமோ, அதே ஹோல் வெயில் ஏறியதும் திரும்ப வந்து நிற்கும்.

மூன்று பேரும் நன்றாக அடிக்கிற பையன்கள். ஆனாலும் முதல் சுற்றில் அவர்கள் செய்த தவறுகளைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது மனசு பாரமாகிவிட்டது. எல்லாம் நான் வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் பராமரிப்பு வேலை பார்த்த காலத்தில் செய்த தவறுகள். மாலையில் வேலை முடிந்ததும் ஊழியர்களை ஆட விடுவார்கள். அப்படித்தான் கற்றுக்கொண்டேன். சொல்லித்தர ஆள் கிடையாது.

பிடி, நிற்கும் விதம், தலையைத் தூக்குவது இதையெல்லாம் இங்கே எழுதவில்லை. எந்தக் கோச்சும் முதல் நாளே சொல்லிவிடுவார். ஒரு ஹோலை எப்படி யோசித்து ஆடுவது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆரல்வாய்மொழிக் காற்றில் தூரத்தை அளப்பது

நாங்கள் பழகும் இடம் ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு தரிசு நிலம். மலை இடைவெளி வழியாகத் தென்மேற்குக் காற்று அங்கே எப்படிப் பாயும் என்று குமரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அதனால்தான். பையன்கள் கிழக்கே பார்த்து நின்று, முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு அடிப்பார்கள். 7 அயர்ன் என்ற குச்சியில் 165 யார்டு போகும் (எண் குறையக் குறையக் குச்சியும் நீளம், தூரமும் அதிகம்). அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்துக்கொள்வார்கள்.

அந்த எண் அவர்களுடையது அல்ல, காற்றுடையது. கவடியாரில் மரங்களுக்கு நடுவே அதே அடி 140-ல் விழுந்தது. மூன்று பேரும் நாள் முழுக்கக் கிரீனுக்கு (குழியும் கொடியும் இருக்கும் புல்தரை) முன்னால் உள்ள பங்கரிலேயே (மணல் பள்ளம்) கிடந்தார்கள்.

காற்றில்லாத காலைப் பொழுதில், ஒரு குச்சிக்குப் பத்துப் பந்து அடியுங்கள். மிக நீளமாகப் போன இரண்டையும் மிகக் குறைவாகப் போன இரண்டையும் தள்ளிவிட்டு, மீதி ஆறு பந்துகளின் சராசரியை எடுங்கள். கோர்ஸில் நம்ப வேண்டிய தூரம் அதுதான்.

காற்று எதிரே வந்தால் ஓங்கி அடிக்கத்தான் கை துடிக்கும். ஓங்கி அடித்தால் பந்து பின்னோக்கிச் சுழலும் வேகம் கூடும். பந்து மேலே மேலே ஏறி, நின்று, செங்குத்தாக இறங்கிவிடும். ஒன்றிரண்டு எண் நீளமான குச்சியை எடுத்து, பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கி, முக்கால் வீச்சில் மெதுவாக அடித்தால் பந்து தாழ்வாகப் போகும். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். பின்காற்று கொடுக்கும் தூரத்தைவிட எதிர்காற்று பறிக்கும் தூரம் அதிகம். நம் ஊரில் காற்றாலையின் முகம் திரும்பியிருக்கும் பக்கத்தைப் பார்த்தே காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். கோர்ஸில் மர உச்சியைப் பாருங்கள். தரையில் புல் அசையாமல் இருக்கும்போதும் மேலே காற்று ஓடிக்கொண்டிருக்கும், பந்து பறப்பதும் அந்த உயரத்தில்தான்.

டீயில் ஏறியதும் டிரைவரை உருவுவது

டீ என்பது ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம், டிரைவர் என்பது மிக அதிகத் தூரம் அடிக்கும் குச்சி. அதை உருவும் முன் கொடியில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 330 யார்டு பார் 4 (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) என்று வையுங்கள். உங்களுக்குக் கைவந்த அடி 7 அயர்னில் 140 என்றால், டீயில் இருந்து 190 போனால் போதும். அதற்கு டிரைவரைவிடக் குட்டையான ஹைப்ரிட் குச்சி போதுமே. பக்கத்தில் மைதான எல்லையைக் காட்டும் வெள்ளைக் கம்பு நட்டிருந்தால் டிரைவர் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

மரங்களுக்கு நடுவே தெரியும் சந்து

இந்த ஒன்றைப் பார்க்கும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. ஹோலுக்கு எத்தனை அடி என்று எழுதிய என் பழைய கார்டுகளைப் புரட்டிப் பார்த்தால் 8, 9 என்று எழுதிய இடங்களில் பெரும்பாலானவை இதனால் வந்தவைதான்.

டீயில் அடித்த பந்து வலப்பக்கம் மரங்களுக்குள் போய்விட்டது. போய்ப் பார்த்தால் இரண்டு மரங்களுக்கு இடையே ஒரு சந்து, அதற்கு அப்பால் பச்சையாகக் கிரீன். மூன்று பேரில் ஒருவனான தோவாளைப் பையன் பைக்குள் கையை விட்டு 4 அயர்னை எடுத்தான்.

“மக்கா, சைடுல தட்டி ஃபேர்வேக்கு எடு” என்றேன். ஃபேர்வே என்றால் டீக்கும் கிரீனுக்கும் நடுவே புல் வெட்டிய பாதை.

“அண்ணே, அந்த கேப்புல போயிரும்ணே.”

போகவில்லை. மரத்தில் பட்டு அவன் நின்ற இடத்துக்கும் பின்னால் போனது. அடுத்த அடியும் அதே சந்தைப் பார்த்து. அது வேறொரு மரம். அந்த ஹோலில் 9.

நம் பிள்ளைகளுக்கு இந்தச் சந்து ஏன் பெரிதாகத் தெரிகிறது என்று யோசித்திருக்கிறேன். தென்னந்தோப்பில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த கண் அது. தென்னைக்குக் கீழே கிளை கிடையாது, தோப்பு முழுக்க இடைவெளியாகவே தெரியும். தரையோடு உருட்டும் டென்னிஸ் பந்துக்கு அது இடைவெளிதான். கோல்ஃப் பந்து கிளம்பும்போது ஒரு டிகிரி விலகினாலும் தூரம் போகப் போக அந்த விலகல் விரிந்துகொண்டே போகும். முன்னால் 20 அடியில் இருக்கும் மரத்தைத் தாண்டிவிட்டாலும் 60 அடியில் இருக்கும் மரம் பிடித்துக்கொள்ளும்.

கிரிக்கெட்டில் இருந்து வரும் இன்னொரு பழக்கம் இதைவிடக் கேடு. ஒரு ஓவர் வீணாகப் போனால் அடுத்த ஓவரில் இரண்டு சிக்ஸர் அடித்துச் சரிக்கட்டலாம். கோல்ஃபில் சிக்ஸர் என்று ஒன்று கிடையாது. 250 யார்டு அடியும் ஒன்று, இரண்டு அங்குலத் தட்டலும் ஒன்று. டீயில் இழந்ததைச் சந்து வழியாக ஒரே அடியில் மீட்க முடியுமென்று நினைக்கிறோம். எல்லாமே சரியாக அமைந்தாலும் மிச்சமாவது ஒரு அடிதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பார் 4, முதல் அடி மரத்துக்குள். இரண்டாவது அடியில் பக்கவாட்டில் தட்டி ஃபேர்வேக்கு வருகிறோம். மூன்றாவது கிரீனுக்கு, அதன் பிறகு இரண்டு புட் (கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் அடி). மொத்தம் 5. மூன்றாவது கிரீனை எட்டாவிட்டால் 6. சந்தில் அடித்துப் பத்தில் இரண்டு முறை போய்விட்டால் 4 கிடைக்கலாம். மீதி எட்டு முறை 7 என்றே குறைத்து வைப்போம். சராசரி 6.4 வருகிறது. பக்கவாட்டில் தட்டுகிறவன் 5-க்கும் 6-க்கும் நடுவில் நிற்கிறான்.

பத்தில் இரண்டு என்பதும் தாராளமான கணக்கு. தரிசு நிலத்தின் ஓரத்தில் மூன்று அடி இடைவெளியில் இரண்டு மூங்கில் கம்புகளை நட்டு, பதினைந்து தப்படி தள்ளி நின்று ஆளுக்குப் பத்துப் பந்து அடிக்கச் சொன்னேன். சமதரை, வெட்டிய புல், மேலே எந்தக் கிளையும் இல்லை. மிக நன்றாக அடித்தவனுக்கு மூன்று போனது. தோவாளைப் பையனுக்கு ஒன்று. மரத்தடியில் சருகும் வேரும் சாய்ந்த நிலமும் சேரும்போது அந்த ஒன்றும் இருக்காது. நீங்களும் கம்பு நட்டு எண்ணிப் பாருங்கள். அந்த எண் மனசில் பதிந்துவிட்டால் சந்து தானாகச் சிறிதாகிவிடும்.

1999-இல் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனை எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஜான் வான் டி வெல்ட் மற்றவர்களைவிட மூன்று அடி குறைவாக எடுத்து, முன்னணியில் கடைசி ஹோலுக்கு வந்தார். பார் 4-இல் 6 எடுத்தாலே கோப்பை அவருக்கு. டிரைவரை எடுத்தார், பந்து வலப்பக்கம் வெகுதூரம் விலகியது, ஆனாலும் தப்பிவிட்டது. அங்கே இருந்து வெட்ஜால் (குறைந்த தூரத்துக்கான குச்சி) ஃபேர்வேக்குத் தட்டி, இன்னொரு வெட்ஜால் கிரீனுக்குப் போட்டு, மூன்று புட் அடித்திருந்தாலும் ஜெயித்திருப்பார். 2 அயர்னை எடுத்துக் கிரீனைப் பார்த்து அடித்தார். பந்து பார்வையாளர் மேடையில் பட்டுத் திரும்பி ஆழமான புல்லுக்குள் விழுந்தது. அடுத்தது ஓடைக்குள். ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் நின்று யோசித்தார், பிறகு ஒரு அடி பெனால்டி (தண்டனை) எடுத்தார். அடுத்தது பங்கரில். 7 எடுத்துச் சமநிலையாகி, பிளே-ஆஃபில் பால் லாரியிடம் தோற்றார். இதில் அவருடைய டிரைவரைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது அடியை நினைத்தால்தான் நெஞ்சு அடைக்கிறது.

என் கதையில் கோப்பை எதுவும் இல்லை. ஊழியர்களுக்குள் நடந்த போட்டி, 16-ஆம் ஹோல், நான் இரண்டு அடி குறைவாக எடுத்து முன்னால். பந்து ஒரு பேரீச்சை மரத்தின் அடியில் வேரோடு ஒட்டிக் கிடந்தது. பந்தை எடுத்துவிட ஒரு பெனால்டி ஆகுமே என்று கணக்குப் பார்த்து ஓங்கி அடித்தேன். குச்சி வேரில் இறங்கியது. பந்து நாலடி நகர்ந்தது. மணிக்கட்டு வீங்கி, இரண்டு மாதம் புல்வெட்டி இயந்திரத்தின் கைப்பிடியைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

ஆட முடியாத இடத்தில் பந்து கிடந்தால் விதியே வழி வைத்திருக்கிறது. பெனால்டி ஏரியா (தண்ணீர் போன்ற குறித்து வைத்த பகுதி) தவிர வேறு எங்கே கிடந்தாலும், ‘இதை ஆட முடியாது’ என்று நீங்களே முடிவு செய்யலாம். வேறு யாரையும் கேட்க வேண்டாம். ஒரு அடி பெனால்டிதான். ஹோலுக்குப் பக்கமாக வராமல் இரண்டு குச்சி நீளத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். கொடியையும் பந்தையும் சேர்க்கும் நேர்கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம். முன்பு அடித்த இடத்துக்கே திரும்பவும் செய்யலாம். அந்த ஒரு அடிக்கு அழுதால் நாலு அடி போகும்.

பக்கவாட்டில் தட்டுவதிலும் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. வெளியே எடுக்கத்தானே என்று கவனமில்லாமல் அடிப்பார்கள். பந்து எதிர்ப்பக்க ரஃபுக்கு (ஃபேர்வே ஓரத்து உயரமான புல்) ஓடிவிடும். எத்தனை யார்டு போக வேண்டும், அங்கே இருந்து உங்களுக்குக் கைவந்த தூரம் மிச்சம் இருக்குமா என்று பார்த்துத்தான் தட்ட வேண்டும். அதுவும் ஒரு முழு அடிதான்.

வெயில் ஏறிய பிறகு இரண்டாம் சுற்றில் அதே ஹோல் வந்தது. தோவாளைப் பையன் மறுபடி அதே மரங்களுக்குள் அடித்தான். சந்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை. 8 அயர்னை எடுத்துக் குட்டையாகப் பிடித்து ஃபேர்வேக்குத் தட்டினான். அந்த ஹோலில் 6.

பார் 3-இல் கொடியைப் பார்த்தே அடிப்பது

கொடி கிரீனின் ஓரத்தில், பக்கத்திலேயே தண்ணீர் என்றால் அந்தக் கொடி உங்களுக்கானது இல்லை. கிரீனின் நடுவைப் பாருங்கள். மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் 12-ஆம் ஹோல் 155 யார்டுதான். 2016 மாஸ்டர்ஸின் கடைசி நாள் ஆட்டம் பாதி முடிந்தபோது ஐந்து அடி முன்னணியில் இருந்த ஜோர்டான் ஸ்பீத், அங்கே இரண்டு பந்துகளைத் தண்ணீரில் விட்டு 7 எடுத்தார். 2019-இல் கடைசி நாள் கொடி வலது ஓரத்தில் இருந்தது. முன்னணியில் இருந்த மோலினாரியும் தண்ணீரில் விட்டார். டைகர் வுட்ஸ் கொடியை விட்டுவிட்டுக் கிரீனின் நடுப்பக்கம் அடித்து, இரண்டு புட்டில் பார் எடுத்து நடந்தார். அந்தப் போட்டி அவருக்குத்தான் கிடைத்தது.

புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் கிரீனுக்குக் குறைவாகத்தான் அடிப்பார்கள். பின்னால் ஆபத்து இல்லையென்றால் ஒரு எண் நீளமான குச்சியை எடுங்கள்.

பார் 5-இல் இரண்டாவது அடி

எட்டாத கிரீனுக்கு எதற்கு 3 வுட் என்ற நீளக் குச்சி? மூன்றாவது அடிக்கு உங்களுக்குப் பிடித்த தூரத்தை மிச்சம் வையுங்கள்.

மழை பெய்த பங்கர்

மண் இறுகியிருக்கும். வெட்ஜின் முகத்தை அகலமாகத் திறந்தால் அடிப்பாகம் மண்ணில் தட்டி எகிறி, பந்தின் மண்டையில் படும். கொஞ்சமாகத் திறங்கள்.

புரவிஷனல்

முதல் பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றினால், அதற்குப் பதிலாக இரண்டாவது பந்தை அடிக்கும் முன் ‘புரவிஷனல்’ என்று சத்தமாகச் சொல்லுங்கள். தேட மூன்று நிமிடம்தான்.

தூரம் இல்லையே என்ற கவலை

இந்திய வீராங்கனை அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கின் பெண்கள் கோல்ஃபில் ஆடிய 60 பேரில் மிகக் குறைந்த தூரம் அடிப்பவர்களில் ஒருவர். நான்காவதாக வந்தார். பதக்கம் ஒரே அடியில் தவறியது.

கார்டில் அச்சடித்த பாரை நம்பி ஆடுவது

ஹேண்டிகேப் (திறமைக்கு ஏற்ப 18 ஹோலுக்குச் சேர்த்துக் கிடைக்கும் கூடுதல் அடிகள்) 18 என்றால் ஒவ்வொரு ஹோலிலும் உங்களுக்கு ஒரு அடி கூடுதலாக உண்டு. உங்கள் பார் 4 உண்மையில் 5. தொடக்கத்தில் 54 வரைகூடக் கொடுப்பார்கள், அப்போது ஹோலுக்கு மூன்று. கார்டில் இன்டெக்ஸ் என்று ஒரு வரிசை இருக்கும், அதில் 1 என்று போட்டிருப்பதுதான் கடினமான ஹோல். ஹேண்டிகேப் 18-க்குக் குறைந்தால் இந்த வரிசைப்படிதான் கூடுதல் அடி எந்த ஹோல்களில் என்று முடிவாகும். முதல் டீயில் நிற்கும்போதே பென்சிலால் உங்கள் சொந்தப் பாரைப் பக்கத்தில் எழுதிவிட்டு ஆடத் தொடங்குங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று பேருக்கும் ஆளுக்கொரு பென்சில் வாங்கி வைத்திருக்கிறேன்.