கெர்னல் டிரேசிங்கில் ஸ்ட்ரிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லினக்ஸ் கெர்னலில் ஒரு டிரேஸ்பாயிண்ட் (நடப்பதைப் பதிவு செய்யக் கோடில் வைத்திருக்கும் இடம்) நொடிக்குப் பல லட்சம் முறைகூட ஓடலாம். எண்களை மட்டும் பதிவு செய்யும்வரை கவலை இல்லை, எட்டு பைட்டை எடுத்து ரிங் பஃபரில் (நிறைந்தால் பழையதன்மேல் எழுதும் மெமரியில்) வைத்தால் வேலை முடிந்தது. ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வந்தால்தான் சிக்கல். நீளம் முன்கூட்டித் தெரியாது. அது இருக்கும் மெமரி எப்போது விடுவிக்கப்படும் என்றும் தெரியாது. பதிவாகும் நேரம் வேறு, யாரோ அதைப் படிக்கும் நேரம் வேறு. இதை மறப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

இருப்பதிலேயே ஆபத்தானது, ஸ்ட்ரிங்கைக் காப்பி செய்யாமல் அதன் பாயிண்டரை (மெமரி முகவரியை) மட்டும் இவென்ட்டில் (டிரேஸ்பாயிண்ட் எழுதும் பதிவில்) வைத்துவிட்டு, அச்சிடும் ஃபார்மட்டில் ‘%எஸ்’ போடுவது. பழைய கெர்னல்களில், சோதனையின்போது இது ஒழுங்காக வேலை செய்வதுதான் கொடுமை. இவென்ட்டைப் பதிவு செய்த உடனே படிப்பதால் அந்த மெமரி அப்போது உயிரோடு இருக்கும். நிஜத்தில் பத்து நிமிடம் கழித்து ஒருவர் டிரேஸைத் திறப்பார். அதற்குள் டிவைஸ் கழற்றப்பட்டிருக்கும், மாட்யூல் நீக்கப்பட்டிருக்கும். அந்தப் பழைய முகவரியைத் தேடிப் போனால் குப்பை எழுத்துகள் வரலாம், கெர்னலே விழவும் செய்யலாம். பெர்ஃப், டிரேஸ்-சிஎம்டி போன்ற, டிரேஸ் படிக்கும் கருவிகளுக்கு இன்னொரு தொல்லை: அவை பைட்டுகளை அப்படியே வெளியே எடுத்துப் போய் யூசர் ஸ்பேஸில் (கெர்னலுக்கு வெளியே, சாதாரண நிரல்கள் ஓடும் இடத்தில்) பிரிக்கின்றன. கெர்னல் முகவரியை வைத்துக்கொண்டு அவற்றால் எதுவும் செய்ய முடியாது.

இதற்குத்தான் ‘__ஸ்ட்ரிங்’, ‘__அசைன்_எஸ்டிஆர்’ மேக்ரோக்கள் இருக்கின்றன. இவென்ட்டின் நிலையான பகுதியில் 32 பிட் மட்டும் இடம் பிடிக்கும்: கீழ் 16 பிட் ஸ்ட்ரிங் எங்கே தொடங்குகிறது என்பதற்கு, மேல் 16 பிட் நீளத்துக்கு. எழுத்துகள் இவென்ட்டின் கடைசியில் போய் உட்காரும். 6.10 பதிப்பிலிருந்து ‘__அசைன்_எஸ்டிஆர்’ ஒரே ஆர்குமென்ட் தான் வாங்கும். பழைய மாட்யூல்கள் அங்கே கம்பைல் ஆகாமல் நின்றால் காரணம் இதுதான். பாயிண்டரை மட்டும் வைக்க நியாயமான இடமும் ஒன்று உண்டு: கெர்னலோடு சேர்ந்தே வரும், என்றும் மாறாத ஸ்ட்ரிங். அதை ‘டிரேஸ்பாயிண்ட்_ஸ்ட்ரிங்’ வழியாக அறிவித்தால், வெளிக் கருவிகளும் முகவரிக்கு உரிய எழுத்தைக் கண்டுபிடித்துவிடும். கெர்னலின் ஒத்திசைவுப் பகுதியான ஆர்சியூ அப்படித்தான் செய்கிறது.

அடுத்தது, டிரேஸ்பாயிண்ட் அணைந்திருக்கும்போதும் ஸ்ட்ரிங் தயாரித்துக்கொண்டிருப்பது. அணைந்த டிரேஸ்பாயிண்ட்டுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை என்பது உண்மை. ஆனால் அதைக் கூப்பிடுவதற்கு முந்தைய வரியில் மெமரி ஒதுக்கி, முழுப் பாதையைக் கோத்து வைத்தால் அந்தச் செலவு எப்போதும் உண்டு. அந்த வேலையை இவென்ட்டின் உள்ளே நடக்கும் அசைன் பகுதிக்குத் தள்ளுங்கள். முடியாவிட்டால், ஒவ்வொரு டிரேஸ்பாயிண்ட்டோடும் தானாக உருவாகும் ‘எனேபிள்ட்’ சோதனைக்குள் வையுங்கள்.

சரி, அந்த ஸ்ட்ரிங் உண்மையிலேயே தேவையா? பல நேரம் தேவையே இல்லை. நிலைக் குறியீட்டை ‘ரெடி’, ‘வெயிட்டிங்’ என்று பதிவு நேரத்திலேயே மாற்றுவது வீண். எண்ணை வைத்துக்கொண்டு, படிக்கும்போது ‘__பிரிண்ட்_சிம்பாலிக்’ பெயரைத் தரட்டும். அது ஈனம் (enum, பெயரிட்ட எண்களின் பட்டியல்) என்றால் ‘டிரேஸ்_டிஃபைன்_ஈனம்’ சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் வெளிக் கருவிகளுக்கு அதன் மதிப்பு தெரியாது. ஃபங்ஷன் பெயருக்கும் முகவரியை வைத்து ‘%பிஎஸ்’ போட்டால் போதும்.

எதற்கும் இருக்கட்டும் என்று 256 பைட் நிலையான அரே வைப்பவர்களும் உண்டு. எட்டு எழுத்துப் பெயருக்கு இவ்வளவு இடம் கொடுத்தால் ரிங் பஃபர் சீக்கிரம் நிறைந்து, உங்களுக்கு வேண்டிய பழைய இவென்ட்டுகள் அழிந்துபோகும். டாஸ்க்கின் பெயர் போல 16 பைட்டுக்குள் அடங்குவதற்கு நிலையான அரே பரவாயில்லை.

யூசர் ஸ்பேஸிலிருந்து வரும் ஸ்ட்ரிங்குக்குத் தனிக் கவனம் வேண்டும். டிரேசிங் செய்யும் இடத்தில் பெரும்பாலும் பேஜ் ஃபால்ட்டைக் கையாள முடியாது, அதாவது மெமரியில் இல்லாத பேஜைக் கொண்டுவர முடியாது. கோப்பைத் திறக்கும் ஓபன்அட் சிஸ்டம் காலின் நுழைவில் கோப்புப் பெயரைப் படிக்கும்போது அந்தப் பேஜ் மெமரியில் இல்லையென்றால் கேப்ரோப் (ஓடும் கெர்னலில் டிரேஸ் இடத்தைச் செருகும் வசதி) ‘ஃபால்ட்’ என்று மட்டும் காட்டும். சிஸ்டம் கால் முடியும் இடத்தில் படித்தால் கெர்னலே அதை ஏற்கெனவே தொட்டிருக்கும் என்பதால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கேப்ரோப்பில் ‘ஸ்ட்ரிங்’ அல்ல, ‘யூஸ்ட்ரிங்’ வகையைப் போடுங்கள். இன்னொரு த்ரெட் இடையில் அந்த எழுத்துகளை மாற்றிவிட முடியும். ஆகவே இப்படிக் கிடைத்த பெயரை நம்பிப் பாதுகாப்பு முடிவு எடுக்கக் கூடாது.

அப்புறம் பிபிஎஃப், அதாவது கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்கள். இங்கே நான் அதிகம் அஞ்சுவது சத்தமில்லாமல் நடக்கும் ஒரு தவறு. கோப்புப் பெயரை 64 பைட் பஃபரில் படித்து, அந்தப் பஃபரையே ஹாஷ் மேப்பின் கீயாகத் தருகிறோம். ஸ்ட்ரிங் படிக்கும் ஹெல்பர் (பிபிஎஃப்புக்குக் கெர்னல் தரும் ஃபங்ஷன்) முடிவுப் பூஜ்யம் வரைதான் எழுதும், மிச்ச பைட்டுகளை நிரப்பாது. மேப்போ 64 பைட்டையும் ஒப்பிடும். ஒரே கோப்புக்கு நாலைந்து கீ உருவாகி எண்ணிக்கை சிதறும், ஆனால் பிழைச் செய்தி எதுவும் வராது. நிரலை ஓடவிடும் முன் சோதிக்கும் வெரிஃபையரும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் அதன் கணக்கில் அந்த ஹெல்பர் முழுப் பஃபரையும் எழுதிவிட்டது. ஒவ்வொரு முறையும் படிக்கும் முன் பஃபரைப் பூஜ்யமாக்குங்கள்.

பிபிஎஃப் ஸ்டாக் 512 பைட் தான். நீண்ட பாதைகளுக்குப் பெர்-சிபியு அரே (ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி இடம் தரும் மேப்) வேண்டும். ஹெல்பர் திருப்பித் தரும் நீளத்தில் முடிவுப் பூஜ்யமும் சேரும். எதிர்மறை எண் வந்தால் படிப்பு தோற்றது என்று பொருள். அதைச் சோதித்துவிட்டு, அந்த நீளம் மட்டும் வெளியே அனுப்பினால் 4096 பைட் பஃபரில் 30 பைட் பாதை இருக்கும்போது 30 பைட் தான் போகும். கெர்னல் மெமரிக்கும் யூசர் மெமரிக்கும் 5.5 பதிப்பிலிருந்து தனித்தனி ஹெல்பர்கள் உள்ளன. பழைய பொது ஹெல்பர் எல்லாச் சிபியு கட்டமைப்புகளிலும் சரியாக ஓடாது.

உங்கள் இவென்ட் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, அதன் டைரக்டரியில் உள்ள ‘ஃபார்மட்’ கோப்பைத் திறங்கள். ஸ்ட்ரிங் ஃபீல்டுக்கு முன் ‘__டேட்டா_லாக்’ என்று இருந்தால் அது காப்பி ஆகிறது. வெறும் ‘கேர் *’ என்று இருந்தால், அந்த மெமரி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்று கோடில் போய்த் தேடிப் பாருங்கள்.