டம்பெல் வாங்கும் முன் பழைய ஸ்கூல் பையை எடுங்கள்
நடந்தும் ஓடியும் எடையைக் குறைத்துவிட்டு இனி வெயிட் தூக்கலாம் என்று நினைப்பவர்கள், பழைய ஸ்கூல் பையில் 1 கிலோ உப்பு பாக்கெட்டுகளை அடுக்கினாலே போதும். (அரிசி வேண்டாம், ஒழுகினால் எறும்பு வரும்.) ஆடாமல் இருக்க மேலே ஒரு துண்டைத் திணித்துவிடுங்கள். பையை மாட்டிக்கொண்டு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), புஷ்-அப் (தண்டால்). பிறகு பையைக் கழற்றி, முதுகை நேராக வைத்துக் குனிந்து, மேல் கைப்பிடியைப் பிடித்து வயிற்றுப் பக்கமாக இழுப்பது. ஒவ்வொன்றும் 8 முதல் 12 தடவை, 3 செட், ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கொஞ்சம் கரைந்திருக்கும். அது திரும்ப வளர, சுமை சிறிது சிறிதாகக் கூட வேண்டும். 12 தடவையும் சுலபமாக வந்துவிட்டதா, சரி, இன்னொரு பாக்கெட். எடையை மாற்ற முடியாத டம்பெல் என்றால் ஒவ்வொரு முறையும் புது ஜோடிக்குக் காசு.

10, 12 கிலோவைத் தாண்டினால் பையின் வார் தையல் விட ஆரம்பிக்கலாம். கால்களுக்கும் அந்தச் சுமை பத்தாது. அப்புறம் ஜிம்தான். முதுகுவலி, மூட்டுவலி, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பையைத் தொட வேண்டாம்.