12 வோல்ட் என்று நம்பாதீர்கள்: மோட்டார்ஹோம் எல்இடி விளக்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுங்கை சிப்புட்டில் வாகன மின்வேலைப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் தோட்டத்து லாரிகளும் பள்ளி வேன்களும்தான் இங்கே வரும். இப்போது பழைய ஹையேஸ் வேனை வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்து, பிள்ளைகளோடு ஊர் சுற்றக் கிளம்பும் இளைஞர்களும் வருகிறார்கள். போன மாதம் ஒரே வாரத்தில் இருவர் வந்தார்கள். இருவர் வண்டியிலும் உட்கூரை விளக்குகள் கருகிக் கிடந்தன. பல ஆண்டுகளுக்கு முன் என் சொந்த வண்டியில் நான் செய்த அதே தவறு. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நேர்முனை, எதிர்முனை மாறிப்போவதையும், அடிப்பகுதி பொருந்தாத பல்பை வாங்கிவிடுவதையும் பற்றி இங்கே பேசப்போவதில்லை. மாட்டும்போதே அவை தெரிந்துவிடும். மாட்டியதும் பளிச்சென்று எரிந்து, நடுவழியில் கைவிடும் தவறுகளே நம் பணத்தைத் தின்கின்றன.

மாற்றுவது நல்ல முடிவுதான். 10 வாட் ஹாலஜன் பல்புகள் ஆறு எரிந்தால் 5 ஆம்பியர் போகும். நான்கு மணி நேரத்தில் 20 ஆம்பியர்-மணி. 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கையில் இருப்பதே 50தான். அதே வெளிச்சத்தை 2 வாட் எல்இடி தரும். ஆறுக்கும் சேர்த்து 1 ஆம்பியர் போதும்.

பேட்டரியில் 12 வோல்ட்தான் இருக்கிறது என்று நினைப்பது

வண்டியில் 12 வோல்ட் என்பது வெறும் பெயர். முழுதாக ஏறிய ஈய பேட்டரி சும்மா இருக்கும்போதே 12.7 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடினால், பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர் 14.4 வரை கொண்டுபோகும். சோலார் தகடு இருந்தால் உச்சிவெயிலில் அதே 14.4, ஈய பேட்டரியின் அறைகளைச் சமன்படுத்த சார்ஜர் வேண்டுமென்றே கூடுதலாக ஏற்றும் கட்டம் வந்தால் அதற்கும் மேல். ஹாலஜன் இதைப் பொறுத்துக்கொண்டது. கூடுதலாக ஒளிர்ந்து, முன்னதாகச் செத்தது, அவ்வளவுதான். எல்இடி அப்படியல்ல.

மலிவான எல்இடி பட்டையை எடுத்துப் பாருங்கள். ஒளி தரும் மூன்று எல்இடி சில்லுகள், அவற்றோடு மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு சிறிய மின்தடை. இந்தக் கூட்டமே நீளம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும். ஒரு வெள்ளைச் சில்லு ஏறத்தாழ 3.2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றுக்கும் 9.6. சரியாக 12 வோல்ட் கொடுத்தால் மின்தடையின் பங்குக்கு 2.4 வோல்ட் மிஞ்சும். இப்போது எஞ்சினை முடுக்குங்கள். 14.4 வோல்ட் வருகிறது. சில்லுகள் பெரும்பாலும் தங்கள் 9.6லேயே நிற்கும், மிச்சமெல்லாம் மின்தடையின் தலையில் விழும். 2.4 இருந்த இடத்தில் 4.8. வோல்ட் ஏறியது ஐந்தில் ஒரு பங்கு. சில்லுக்குள் ஓடும் மின்னோட்டமோ ஏறத்தாழ இரண்டு மடங்கு. மின்தடை கக்கும் வெப்பம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இந்தக் கணக்கை யாராவது எனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று இன்றும் ஆத்திரமாக இருக்கிறது.

அந்த ஆண்டு பங்குனி உத்திரத்திற்கு மாரான் மரத்தாண்டவர் ஆலயத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினோம். புறப்படுவதற்கு முந்தைய நாள்தான் உட்கூரை முழுக்கப் பட்டை ஒட்டி முடித்திருந்தேன். பட்டறையில் எஞ்சின் ஓடாமல் சோதித்தபோது அழகாக எரிந்தது. இரவுப் பயணம். பின்னால் பிள்ளைகளுக்குப் பயம் வேண்டாமென்று விளக்கைப் போட்டே விட்டேன். ஆறு மணி நேரத்துக்கும் மேல் எஞ்சின் நிற்காமல் ஓடியது; அத்தனை நேரமும் பட்டை 14.4 வோல்ட்டில் வெந்தது. தெமர்லோவைத் தாண்டும்போது ஒரு வரிசை மினுங்கத் தொடங்கியது. பசை உருகும் வாடை வந்தது. மாரானில் வண்டியை நிறுத்தியபோது பாதிக் கூரை இருட்டு. மறுநாள் இரவு என் மாமியார் தன் மருந்து டப்பாவைக் கைவிளக்கு வெளிச்சத்தில் தேடிக்கொண்டிருந்தார். நான் அருகில் நின்று டார்ச் பிடித்தேன். ஊர் திரும்பிப் பட்டையைப் பிய்த்தபோது ஒட்டுப்பலகை வரிவரியாகப் பழுப்பேறியிருந்தது. பட்டை, பலகை, மேலே ஒட்டிய துணி எல்லாம் சேர்த்து 600 ரிங்கிட்டுக்கு மேல் போனது. வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளை நினைத்தால் அந்தப் பழுப்புக் கோடுகள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

போன மாதம் வந்த இருவரில் ஒருவர் லித்தியம் பேட்டரிக்கு மாறியிருந்தார். அதில் சிக்கல் இன்னும் பெரிது. வண்டிகளில் போடும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, வண்டி நிற்கும்போதே 13.3 வோல்ட் அளவில் இருக்கும். அதாவது எஞ்சினை அணைத்த பிறகும் பட்டைக்கு ஓய்வில்லை. இரவெல்லாம் ஒன்றரை மடங்கு மின்னோட்டம். அவர் பட்டை நான்கே மாதத்தில் போனது. கடைக்காரர் பட்டையின் தரத்தைக் குறை சொல்லி, அதே வகையில் இன்னொன்றை விற்றிருக்கிறார். இரண்டாவதும் கருகிய பிறகுதான் என்னிடம் வந்தார்.

வாங்கும்போது உறையைப் படியுங்கள். வெறுமனே 12 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். 10 முதல் 30 வோல்ட் வரை என்பதுபோல் ஒரு வீச்சு போட்டிருந்தால், உள்ளே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் இருக்கிறது என்று பொருள். விலை இரண்டு, மூன்று மடங்கு இருக்கும். கொடுங்கள்.

உறையிலும் பொய் எழுதுகிறார்கள். ஆகவே ஒரே ஒரு பல்பு வாங்கி, மல்ட்டிமீட்டரைத் தொடரில், அதாவது பல்புக்குப் போகும் கம்பியின் நடுவே, இணைத்து அளந்து பாருங்கள். எஞ்சின் நிற்கும்போது எத்தனை ஆம்பியர் என்று குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை முடுக்கி மறுபடி பாருங்கள். வோல்ட் ஏறும்போது மின்னோட்டம் குறைந்தாலோ மாறாமல் நின்றாலோ நல்ல பல்பு. கூடவே ஏறினால் வேண்டாம். ஐந்து நிமிட வேலை இது. என் பட்டறைக்கு வந்தால் காசு வாங்காமல் அளந்து தருகிறேன். வாங்கிய பிறகு வராதீர்கள், வாங்கும் முன் வாருங்கள்.

பட்டை ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டதென்றால், அதற்கு முன்னால் சீரான 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டர் ஒன்றை வையுங்கள். வோல்ட்டை இறக்க மட்டும் தெரிந்த வகை போதாது. பேட்டரி இறங்கும்போது ஏற்றவும் தெரிந்த வகையாக இருக்க வேண்டும். மீட்டருக்கு 14.4 வாட் இழுக்கும் பட்டை 5 மீட்டர் என்றால் 72 வாட், 6 ஆம்பியர். கன்வெர்ட்டர் 10 ஆம்பியர் தாங்கட்டும். பட்டையைப் பலகையில் நேரடியாக ஒட்டாமல் அலுமினியச் சட்டத்தில் ஒட்டினால் வெப்பம் பரவி வெளியேறும்.

ஃபியூஸைப் பெரிதாக்குவது

செய்யவே செய்யாதீர்கள். ஃபியூஸ் இருப்பது கம்பியைக் காப்பாற்ற.

பஸ்ஸை மோட்டார்ஹோம் ஆக்குபவர்கள்

பழைய பஸ்ஸில் 24 வோல்ட் இருக்கும். இரண்டு பேட்டரிகளைத் தொடரில் கட்டியிருப்பார்கள். 12 வோல்ட் விளக்குக்காக அவற்றில் ஒன்றிலிருந்து மட்டும் கம்பி இழுக்கும் பழக்கம் இங்கே பரவிக் கிடக்கிறது. விளக்கு எரியும். ஆனால் அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். சார்ஜ் ஏறும்போது அது நிரம்பாது, மற்றதோ அளவுக்கு மீறி நிரம்பும். ஒரே ஆண்டில் இரண்டையும் தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 24 வோல்ட்டைத் தாங்கும் பல்பை வாங்குங்கள், அல்லது கன்வெர்ட்டர் வையுங்கள்.

வீட்டு பல்பை இன்வெர்ட்டரில் எரிப்பது

240 வோல்ட் பல்பு மலிவு என்பது உண்மை. விளக்கே போடாமலும் இன்வெர்ட்டர் குடிக்கும் மின்சாரம், பெரும்பாலும் அந்த பல்பு குடிப்பதைவிட அதிகம்.

வெள்ளை வெளேரென்ற நிறம்

விளக்கின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். நம் வீடுகளில் 6500 கெல்வின் குழல் விளக்குக்குப் பழகிவிட்டோம். வேனுக்குள் அது கண்ணைக் கூசவைக்கும், தூக்கத்தையும் கெடுக்கும். இன்னொன்றும் உண்டு. செம்பனைத் தோட்ட ஓரத்தில், மழை விட்ட அந்தியில் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். நீலம் கலந்த வெள்ளைக்கு ஈசல் மொய்ப்பதுபோல் மஞ்சளுக்கு மொய்ப்பதில்லை. 2700 அல்லது 3000 கெல்வின் வாங்குங்கள். சமையல் மேடைக்கு மேல் மட்டும் 4000 இருக்கலாம்.

வானொலி இரைவது

விளக்கைப் போட்டதும் மின்னல் எஃப்எம் கரகரக்கிறதென்றால் ஆன்டெனாவைப் பழிக்காதீர்கள். மலிவான டிரைவர்கள் வானொலி அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். ஒவ்வொரு பல்பாகக் கழற்றிப் பார்த்தால் எது குற்றவாளி என்று தெரியும். முதலில் ஒரே ஒரு பல்பு வாங்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

வெளி விளக்குகள்

அவற்றில் கை வைக்காதீர்கள். சமிக்ஞை விளக்கு வேகமாகத் துடிக்கத் தொடங்கும். அது வேறு வேலை, வேறு சட்டம்.

பழைய பல்புகளை எல்லாம் எறிந்துவிடுவது

இரண்டு ஹாலஜன் பல்புகளையாவது எடுத்து வையுங்கள். துருப்பிடித்த இணைப்பு ஒன்று எங்கோ இருந்தாலும், எல்இடி இழுக்கும் சொற்ப மின்னோட்டத்தில் அது வெளியே தெரியாது. மீட்டரும் 12 வோல்ட் என்றே காட்டும். அந்த இடத்தில் 10 வாட் ஹாலஜனை மாட்டினால் வோல்ட் சரிந்து மங்கலாக எரியும், குறை உடனே பிடிபடும். என் பட்டறை மேசைக்கு மேலே, இரண்டு கம்பி முனைகளோடு ஒன்று எப்போதும் தொங்குகிறது.