நாட்டுப்புற பாப் பாட்டு: எழுதி, தயாரித்து, காசும் கைக்கு வர

பாட்டு எழுதுவதும் நீங்கள், தயாரிப்பதும் நீங்கள் என்றால் ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள்: ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று, ஒலிப்பதிவு (மாஸ்டர் என்பார்கள்) இன்னொன்று. காசு தனித்தனி வழியில் வரும்.

மெட்டு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். "நாட்டுப்புறப் பாட்டுதானே, யாருக்கும் சொந்தமில்லை" என்று சொல்லிவிடுவது சுலபம். நடவுப் பாட்டு, தாலாட்டு எல்லாம் சரி, ஆனால் கேசட் காலத்தில் யாரோ உட்கார்ந்து எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகளும் இன்று ஊர்ப்பாட்டு என்ற பெயரில்தான் சுற்றுகின்றன, அப்படி இருந்தால் எழுதியவர் இறந்து 60 வருடம் வரை உரிமை உண்டு.

ஒலிப்பதிவில் அவசரப்படாதீர்கள். பறையைத் தீயில் காய்ச்சினால்தான் தோல் விறைத்துச் சத்தம் கணீரென்று வரும், சூடு ஆற ஆறத் தளர்ந்து மந்தமாகும். அதனால் ஸ்டுடியோ வாசலில் காய்ச்ச இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், ஏசியை அணையுங்கள், மைக்கைத் தோலோடு ஒட்டாமல் தள்ளி வையுங்கள். தாளம் பிசகாமல் இருக்க ஹெட்போனில் ஓடவிடும் கிளிக் சத்தத்தைக் காதில் மாட்டி வாசிக்கச் சொன்னால் பறை அடிப்பவர்கள் பலருக்குக் கையின் ஓட்டமே போய்விடும். முதலில் அவர்கள் போக்கில் அடிக்கட்டும், அந்த வேகத்துக்கு நீங்கள் சாஃப்ட்வேரில் டெம்போவைப் பொருத்துங்கள். நாதஸ்வரம் உண்டென்றால் அதன் சுருதிக்குத்தான் பாட்டு இறங்கி வர வேண்டும், பாடகர் என்ன முகம் சுளித்தாலும்.

அப்புறம் காகிதம். யாருக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பதிவு முடிந்த அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு நிற்காது. லேபிள் (பாட்டை வாங்கி வெளியிடும் இசை நிறுவனம்) ஒப்பந்தத்தில் "மொத்த உரிமையும் நிரந்தரமாக" என்று ஒரு வரி இருந்தால் நிறுத்திப் படியுங்கள். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் தங்கள் ராயல்டிப் பங்கை லேபிளுக்கு விட்டுக்கொடுப்பதாகக் கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாத ஒப்பந்தம் 5 வருடம் என்றே கணக்கு. அந்த ராயல்டி தானாக வீடு தேடி வராது, ஐபிஆர்எஸ்ஸில் (பாட்டு எழுதுபவர்களுக்கும் மெட்டுப் போடுபவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் சங்கம்) உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும்.

மாஸ்டர் காசு டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் பாட்டை ஏற்றித் தரும் நிறுவனம்) வழியாக வரும். அதைப் பெரிதாக நம்பாதீர்கள்: ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 முறை ஓடாத பாட்டுக்கு இந்தக் கணக்கில் ஒன்றும் கிடையாது. யூடியூப் கன்டென்ட் ஐடியில் (உங்கள் ஒலி வேறு வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) போடும் முன், வாங்கிய லூப்பை (யாரும் வாங்கிப் பயன்படுத்தும் ரெடிமேட் இசைத் துண்டு) அப்படியே பாட்டில் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள், அதே லூப்பை வாங்கிய இன்னொருவர் வீடியோவுக்கும் உங்கள் பெயரில் கிளெய்ம் (உரிமைக் கோரல்) போய்விடும். ஆரம்பத்தில் சாப்பாடு போடுவது மேடைக் கச்சேரியும் விளம்பர ஜிங்கிளும்தான்.